கடற்றொழில் பழகவும் மீன்கறி கற்கவும் யாரைத் தேடுவது?

எங்கள் கரையோரக் கிராமங்களில் கடற்றொழில் பழக்குவதற்கென்று பள்ளிக்கூடம் எதுவும் இருந்ததில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. பத்து வயதுப் பெடியன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாடிக்குப் போவான். கரைவலைக் கயிற்றின் கடைசி ஆளாக நின்று இழுப்பான். வலையில் சிக்கிய நண்டின் கால் முறியாமல் கழற்றப் பழகுவான். பிறகொரு நாள் தகப்பன் அவனை வள்ளத்தில் ஏற்றுவார். மீன்கறியும் அப்படித்தான். எந்த மீனுக்குப் பழப்புளி கூட வேண்டும், எதற்குப் பால் கடைசியாக விட வேண்டும் என்பதைப் பேத்தியார் ஒருநாளும் விளக்கிச் சொன்னதில்லை. அடுப்படியில் அம்மிக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை அதைப் பார்த்தே பழகியது.

இந்தச் சங்கிலிதான் எங்களுக்கு அறுந்தது. மயிலிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அந்த மக்கள் இடம்பெயர்ந்தார்கள். துறைமுகம் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது 2017 ஆடியில். இடையில் 27 வருடங்கள். அந்தக் குடும்பங்களில் பல மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் உள்ள முகாம்களில் இருந்தன. கடல் கண்ணுக்குத் தெரியாத செம்மண் நிலம் அது. இடம்பெயர்ந்த வருடம் பிறந்த பிள்ளைக்கு, துறைமுகம் திறந்தபோது சொந்தப் பிள்ளைகளே இருந்திருப்பார்கள். அந்த வயதில் வள்ளத்தில் ஏறிப் பழகு என்றால் எங்கிருந்து தொடங்குவது? முல்லைத்தீவுக் கரையில் கதை வேறு. அங்கே கடல் இருந்தது, பழக்கக்கூடிய ஆட்களைத்தான் முதலில் ஆழிப்பேரலையும் பிறகு 2009உம் கொண்டுபோயின. தகப்பன், சித்தப்பா, மூத்த அண்ணன் என்று வரிசையாக ஆண்கள் இல்லாத வீடுகள் அந்தக் கரையில் எத்தனையோ உண்டு.

கரையோர வாழ்வாதாரம் பற்றி எழுதத் தொடங்கிய நாள் முதல் என்னிடம் வருகிற கேள்விகளில் அடிக்கடி வருவது இதுதான்: "எங்கை போய்ப் பழகலாம்? ஆர் சொல்லித் தருவினம்?" கேட்பவர்களில் 19 வயதுப் பெடியனும் இருக்கிறான். கணவன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்க்கிற, கருவாடு போட்டு விற்கலாமா என்று யோசிக்கிற அக்காவும் இருக்கிறார். ஒஸ்லோவில் பிறந்து, அம்மாச்சியின் கூழ் எப்படி வைப்பது என்று அறிய விரும்புகிற தங்கச்சியும் இருக்கிறா. மூவருக்கும் ஒரே பதில் இல்லை. ஆனால் மூவருக்கும் வழி உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கடற்றொழில் என்பது ஒரு வேலை அல்ல. பரவைக்கடலில் களங்கண்டியும் சிறகுவலையும் கட்டுவது ஒரு தொழில். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகில் ஆழக்கடலுக்குப் போவது இன்னொன்று. வாரக்கணக்கில் கடலில் நிற்கும் பலநாட் படகு மூன்றாவது. இயந்திரம் திருத்துவது, கண்ணாடியிழை ஒட்டுவது, வலை பொத்துவது, நண்டுச் சதை எடுப்பது, கருவாடு போடுவது, கொடுவா வளர்ப்பது, கடற்பாசி கட்டுவது எல்லாம் தனித்தனித் தொழில்கள். "மீன்பிடி கோர்ஸ் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். பரவைக்கடல் ஓரத்தில் இருப்பவர் பலநாட் படகுப் பயிற்சிக்குப் போய் வந்து பிறகு கொழும்புப் பக்கமோ நீர்கொழும்புப் பக்கமோ வேலை தேடிப் போக நேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அது பிழை என்று சொல்லவில்லை. ஆனால் ஊரில் இருந்து தொழில் செய்ய நினைத்தவருக்கு அது உதவவில்லை.

முறையான பயிற்சி என்று பார்த்தால் முதலில் வருவது சமுத்திரப் பல்கலைக்கழகம். 2014ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அதற்கு முன்பு கடற்றொழில் மற்றும் கடலோட்டவியல் பொறியியல் நிறுவகமாக இயங்கியதைத்தான் இப்படி உயர்த்தினார்கள். தலைமையகம் கொழும்பு மட்டக்குளியில் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலும் பிராந்திய நிலையங்கள் உண்டு. "பல்கலைக்கழகம்" என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் பெடியள் பயந்து விலகிவிடுகிறார்கள். உயர்தரத்தில் மூன்று பாடம் சித்தியடைந்தவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. பட்டப்படிப்புடன் சேர்த்து, படகு இயந்திரம் திருத்துதல், மீன்பிடித் தொழினுட்பம், சுழியோடுதல் போன்ற தொழிற்பயிற்சிகளையும் அந்த நிறுவகம் நடத்தி வந்திருக்கிறது. எந்த நிலையத்தில் எந்தப் பயிற்சி எப்போது தொடங்கும் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். ஆகவே நேரில் போய்க் கேட்பதுதான் நல்லது. அப்படிப் போகும்போது "தமிழில் நடக்குதா, விரிவுரையாளர் தமிழில் சொல்லித் தருவாரா, பரீட்சை தமிழில் எழுதலாமா" என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றுக்கும் ஒரே பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நன்னீர் மீன் வளர்ப்பு, இறால், கொடுவா, கடலட்டை, கடற்பாசி என்று போக விரும்புகிறவர்கள் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தை நாட வேண்டும். நக்டா என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். குளத்து மீன்பிடியை வன்னியில் நாங்கள் கொஞ்சம் குறைவாகவே மதிக்கிறோம் என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் மீன்பிடித்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கடலோர நிலம் இல்லாத பெண்களுக்கு அது நெருக்கமான வழி.

உணவு பதனிடுதல் பக்கம் போக விரும்பும் இளையோருக்கு, கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் உணவுத் தொழினுட்பம் கற்கலாம். பாடசாலையில் இருக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. சாதாரண தரத்தில் நீர்வாழ் உயிரின வளங்கள் பற்றிய தொழினுட்பப் பாடம் ஒன்று இருக்கிறது. அரசாங்கத்தின் தமிழ்ப் பாடநூலும் உண்டு. மீனின் உடலமைப்பு, வலை வகைகள், மீன் பழுதாவது எப்படி என்று நல்ல எளிமையான விளக்கம். பரீட்சைக்கு எடுக்காதவர்களும் அந்தப் புத்தகத்தை வாங்கி வாசிக்கலாம். எந்தப் பயிற்சிக்கும் போகுமுன் இதை ஒருமுறை புரட்டினால் அங்கே பேசப்படுகிற சொற்கள் பழகிவிடும்.

இனி, அதிகம் பேசப்படாத ஒரு விடயம். ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்கள் எங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். 20 வருடம் வலை பொத்தியவர், இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுபவர், கலியாண வீடுகளுக்குச் சமைப்பவர். கையில் தொழில் இருக்கிறது, கடதாசி இல்லை. கடதாசி இல்லாததால் வங்கிக் கடன் இல்லை, வெளிநாட்டு வேலைக்குத் தகுதி இல்லை, பயிற்றுநராகச் சேர முடியவில்லை. முகாமில் இருந்த காலத்தில் பாடசாலைச் சான்றிதழையே தொலைத்தவர்கள் அவர்கள்.

இவர்களுக்காகத்தான் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை இருக்கிறது. தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ., ஏழு மட்டங்களைக் கொண்டது. அதில் சான்றிதழ் மட்டங்களைப் பெறுவதற்கு வகுப்பில் போய் இருந்துதான் ஆகவேண்டும் என்றில்லை. நீங்கள் செய்கிற வேலைக்கு ஆதாரம் காட்டினால், மதிப்பீட்டாளர் வந்து உங்களைச் செய்யவைத்துப் பார்த்துத் தகைமை வழங்குவார். ஆதாரம் என்றால் பெரிய விடயமில்லை. வேலை செய்யும் படங்கள், சம்மாட்டியின் அல்லது முதலாளியின் கடிதம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுதிப்படுத்தல், விற்ற சிட்டைகள், பங்குபற்றிய சிறிய பயிற்சிகளின் சான்றிதழ்கள். இவற்றை ஒரு கோவையில் போட்டு, தேசிய தொழிற்பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபைக்கோ (நைற்றா), தொழிற்பயிற்சி அதிகாரசபைக்கோ விண்ணப்பிக்க வேண்டும். முதலில் ஒரு முன்மதிப்பீடு நடக்கும். குறை இருந்தால் எதைப் பழகிவிட்டு வர வேண்டும் என்று சொல்லுவார்கள். பிறகு இறுதிச் செய்முறை மதிப்பீடு. உங்கள் தொழிலுக்குத் தகைமைத் தரம் வகுக்கப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சமையலுக்கு அது உண்டு.

பிரதேச செயலகத்தில் திறன் விருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். பெண்கள் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். இவர்களைச் சந்திக்கப் போகிறவர்கள் ஒரு நாளில் காரியம் முடியும் என்று போகக்கூடாது. எங்கள் அலுவலகங்களில் முதல் நாள் விசாரிக்க, இரண்டாம் நாள் படிவம் எடுக்க, மூன்றாம் நாள் ஒப்படைக்க என்றுதான் போகும்.

யுத்தம் முடிந்த பிறகு எங்கள் கரைகளில் நடந்த "வாழ்வாதாரப் பயிற்சிகளை" எண்ணத் தொடங்கினால் விரல் போதாது. மூன்று நாள், ஐந்து நாள் வகுப்பு. மதியம் சாப்பாட்டுப் பார்சல். கடைசி நாள் மேடை, மாலை, சான்றிதழ், குழுப்படம். சில இடங்களில் வலையும் ஐஸ்பெட்டியும் கொடுத்தார்கள். கரையோரக் கிராமம் ஒன்றில் ஒரு அம்மா தன் வீட்டுச் சுவரில் ஏழு சான்றிதழ்களைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருந்தார். "இதில எதைக் கொண்டு பிழைக்கிறியள்?" என்று கேட்டேன். "ஒண்டாலயும் இல்லை மோனை. நான் தாய்க்குப் பக்கத்தில இருந்து பழகின கருவாட்டிலதான்" என்றார். அந்த ஏழும் பயனற்றவை என்று தள்ளிவிட முடியாது. சுகாதாரமாகப் பொதி செய்யவும் கணக்கு எழுதவும் அங்கேதான் பழகியதாக அவரே சொன்னார். ஆனால் கைத்தொழில் ஐந்து நாளில் வராது.

ஆகவே யாராவது பயிற்சி என்று அழைத்தால் நான் கேட்கச் சொல்கிற கேள்விகள் சில உண்டு. நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? சான்றிதழ் என்.வி.கியூ. மட்டத்தோடு வருகிறதா, அல்லது வெறும் பங்குபற்றல் சான்றிதழா? பயிற்றுநர் உண்மையாகக் கடலுக்குப் போனவரா? பயிற்சி முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகு யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்கலாம்? முன்பு பழகிய இருவரின் தொலைபேசி இலக்கம் தருவீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்குகிற இடத்துக்குக் காசு கட்ட வேண்டாம். வெளிநாட்டு மீன் தொழிற்சாலையில் வேலை, அதற்கு முன் இங்கே பயிற்சி, அதற்கு இத்தனை லட்சம் என்று வருகிறவர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக்கூடாது.

வகுப்பில் பழகுவது பாதி. மீதிக்கு ஒரு மனிதர் வேண்டும். அவரைத் தேடுவது இப்போது முன்னரைவிடக் கடினம். காரணம் எண்ணெய். எங்கள் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஆவணியில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணமும் கணக்குப் பார்த்துத்தான். இரண்டு பேர் போகிற படகில் பழகுவதற்காக மூன்றாவது ஆள் ஏறினால் பாரம் கூடும், எண்ணெய் கூடும், பங்கு குறையும். இந்திய இழுவைப்படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போகிற இரவுகளில் சம்மாட்டிக்கு யாருக்கும் சொல்லிக்கொடுக்கிற மனநிலையும் இருக்காது. இதை விளங்கிக்கொண்டு போனால்தான் "இல்லை" என்ற முதல் பதிலைத் தாங்கலாம்.

வடமராட்சிப் பக்கம் ஒரு முதியவர் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார். பழக வருகிறவனை அவர் உடனே கடலுக்கு ஏற்றுவதில்லை. "கடலுக்கு ஏத்திறதெண்டால் அவன்ர உயிருக்கு நான் பொறுப்பு. முதல் ஒரு மாதம் கரையில நிக்கட்டும்" என்றார். கரையில் என்ன பழகுவது? வலை பொத்துவது. எந்த வலைக்கு எந்தக் கண்ணளவு, எந்த நூல். மிதவைக்கும் ஈயத்துக்கும் உள்ள கணக்கு. மீனைக் கழற்றும்போது முள் குத்தாமல் பிடிப்பது. இயந்திரத்தைக் கழற்றித் தூக்கி வந்து நன்னீர் விட்டுக் கழுவுவது. அதோடு காற்று. வாடை, சோழகம், கச்சான், கொண்டல் என்று நான்கு பெயரை எல்லோரும் சொல்லுவார்கள். விடியற்காலை கரையில் நின்று, முகத்தில் படுகிற காற்று எது, மத்தியானத்துக்கு அது எங்கே திரும்பும் என்று சொல்ல அவருக்கு முடியும், எனக்கு முடியாது. வானிலை அவதான நிலையத்தின் எச்சரிக்கையைத் தொலைபேசியில் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் எந்தக் கரையில் எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கத்தால் படகை ஏற்றுவது என்பது தொலைபேசியில் வராது.

அவர் சொன்ன இன்னொன்று கரைக்குறி. கோயில் கோபுரம், வெளிச்சவீடு, உயர்ந்த பனைகள் இவற்றில் இரண்டை ஒரே கோட்டில் வைத்து, வேறு பக்கத்தில் இன்னும் இரண்டைப் பிடித்தால் கடலில் நிற்கிற இடம் தெரியும். இப்போது ஜி.பி.எஸ். இருக்கிறது. அது பழுதாகிற இரவில் கரைக்குறிதான் வீட்டுக்குக் கொண்டுவரும். யுத்தத்தில் பனைகள் தறிக்கப்பட்டதால் பழைய குறிகள் பல இல்லாமல் போய்விட்டன என்றும், இப்போது தொலைபேசிக் கோபுரங்களைப் பார்த்துப் புதுக்குறி வைத்திருப்பதாகவும் சொன்னார்.

இப்படிப்பட்ட ஆளைக் கண்டுபிடிக்கக் கூட்டுறவுச் சங்கத் தலைவரிடமோ செயலாளரிடமோ முதலில் போக வேண்டும். நேரே ஒருவரின் வாடிக்குப் போய்க் கேட்பதைவிடச் சங்கத்தின் மூலம் போனால் மரியாதையும் பாதுகாப்பும் உண்டு. மாவட்டக் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் பரிசோதகருக்கும் யார் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார் என்று தெரியும். முதல் மாதங்களில் பங்கு கேட்கக்கூடாது. கறிமீனும் சாப்பாடும் கிடைக்கும். எப்போதிலிருந்து அரைப்பங்கு, எப்போதிலிருந்து முழுப்பங்கு என்பதைத் தொடக்கத்திலேயே சங்கத்தின் ஒருவர் முன்னிலையில் பேசிக்கொள்ளுங்கள். பின்னால் மனஸ்தாபம் வராது. 18 வயது நிரம்பாதவரை ஆழக்கடலுக்கு அனுப்ப வேண்டாம். நீந்தத் தெரியாதவர் முதலில் நீந்தப் பழகட்டும். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். "நாங்கள் போடுறேல்லை" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஒரு குருவிடம் எதைப் பழகக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வெடி போட்டு மீன் பிடிப்பது குற்றம். தங்கூசி வலை தடை. 2017 ஆடியில் அடிமட்ட இழுவை மீன்பிடி சட்டத்தால் தடை செய்யப்பட்டது. முட்டையோடு அகப்படுகிற சிங்க இறாலைப் பிடித்து விற்க முடியாது. "இதெல்லாம் எல்லாரும் செய்யிறதுதான்" என்று பழக்குகிறவர் உங்களுக்குத் தொழில் தரவில்லை, வழக்குத்தான் தருகிறார். படகும் வலையும் பறிமுதலானால் அதை மீட்க எத்தனை தவணை நீதிமன்றம் ஏற வேண்டும் என்று அனுபவித்தவர்களைக் கேட்டுப்பாருங்கள்.

திருக்கை முள் குத்தினால் என்ன செய்வது என்பதையும் முதல் வாரத்திலேயே கேட்டு வையுங்கள். தாங்கக்கூடிய அளவு சுடுநீரில் அந்த இடத்தை அரை மணித்தியாலத்துக்கு மேல் அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். பிறகு கட்டாயம் வைத்தியசாலை. முள் உள்ளே முறிந்திருந்தால் வீட்டில் தோண்டக்கூடாது.

கற்பதற்காக வெகுதூரம் போன ஒருவரை இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தவரான அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேக்குப் போனார். அங்கே குடியேறிய முதல் தமிழராக அவரைச் சொல்லுவார்கள். மீன்பிடித் தொழிலை அங்கே கற்று, நோர்வே இளைஞர் அமைப்பொன்றின் உதவியோடு ஊருக்குத் திரும்பி, 1960களின் கடைசியில் சீநோர் திட்டத்தைத் தொடக்கினார். காரைநகரில் படகு கட்டும் தளம் அதனால் வந்தது. எங்கள் கரைகளில் கண்ணாடியிழைப் படகு பரவியதில் அதற்குப் பங்குண்டு. அந்தத் தொடர்பின் வழியே நோர்வேயின் மக்கள் உயர்கல்விக்கூடங்களுக்கு எங்கள் இளைஞர்கள் போனார்கள். யுத்தம் கூர்மையானபோது அந்தப் பாதை அகதிப் பாதையாக மாறியது. வடநோர்வேயின் பின்மார்க் மாகாணத்தில், பனிக்கட்டிக் குளிரில், மீன் தொழிற்சாலைகளில் கத்தியோடு நின்று மீன் வெட்டிய தமிழர்கள் பலர். அவர்களில் எத்தனையோ பேர் ஊரில் மீனைத் தொட்டே பழகாத உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகள். அங்கே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நோர்வேக்காரக் கரையோரத் தொழிலாளர்கள். கடலைப் பிறப்பால் மட்டும்தான் பழகலாம் என்று சொல்லுகிறவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. எங்கள் சமூகத்தில் சாதியின் பெயரால் இந்தத் தொழிலைத் தாழ்வாகப் பேசுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இனி அடுப்படி. சமையலுக்கு வகுப்புத் தேடுவது கடலைவிடச் சுலபம் போலத் தெரியும். தொழிற்பயிற்சி நிலையங்களில் சமையற்கலை இருக்கிறது. சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தின் பயிற்சியும் இருக்கிறது. ஹோட்டல் வேலைக்குப் போக இவை நல்ல வழி. ஆனால் அங்கே மீனை முள்ளில்லாமல் துண்டு போட்டு, எலுமிச்சையும் வெண்ணெயும் விட்டுப் பொரிக்கப் பழக்குவார்கள். ஒடியற்கூழும் சுறா வறையும் பாடத்திட்டத்தில் இராது. வடக்கில் அம்மாச்சி உணவகங்கள் பெண்களுக்கு நல்ல பயிற்சிக்கூடமாக இருக்கின்றன. ஆனால் அங்கே மச்சம் இல்லை. மச்சச் சாப்பாட்டுக்கும் அப்படியொரு இடம் கரையோரத்தில் வர வேண்டும் என்பது என் ஆசை.

ஆகவே எங்கள் மீன்கறிக்கு ஆசிரியர் யார் என்றால், ஊரில் கூழ் காய்ச்சக் கூப்பிடப்படுகிற பெண்தான். ஒவ்வொரு கிராமத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரிடம் போய் "ரெசிப்பி சொல்லுங்கோ" என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. கை அளவுதான் அவருக்குத் தெரியும். அவர் சமைக்கிற நாளில் போய், தேங்காய் திருவிக் கொடுத்து, மீன் வெட்டிக் கொடுத்து, அவர் கையில் அள்ளியதை ஒரு கோப்பையில் போடச் செய்து அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒடியல்மாவைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்துக் கயர் நீக்குவது எத்தனை தரம் என்பதை அவருடைய நாக்குத்தான் தீர்மானிக்கும். மீன்தலை, நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எந்த ஒழுங்கில் பானைக்குள் போகிறது, மா எப்போது கரைத்து விடப்படுகிறது, புளி எப்போது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும்.

சொல்லிக்கொடுக்கிறவரிடம் முதலில் கறியைக் கேட்காதீர்கள். மீன் வாங்குவதைக் கேளுங்கள். அவரோடு ஒருநாள் பாசையூர்ச் சந்தைக்கோ உங்கள் ஊர்ச் சந்தைக்கோ போங்கள். கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, வயிற்றை அமத்தினால் திரும்ப எழும்புகிறதா என்று அவர் பார்ப்பதைப் பாருங்கள். எந்த மீன் எதற்கு என்பதில்தான் பாதிச் சமையல் இருக்கிறது. விளைமீன் சொதிக்கு, சூடை பொரியலுக்கு, அறுக்குளா குழம்புக்கு, பால்சுறா பிள்ளை பெற்ற தாய்க்குச் சரக்குக்கறிக்கு. மட்டக்களப்புப் பக்கம் போனால் கூனியைச் சுண்டுவார்கள். அதை யாழ்ப்பாணத்தில் பலர் கண்டதேயில்லை. சிங்களக் கிராமங்களில் கொறுக்காய் போட்டு வற்றவைக்கிற மீன் குளிர்சாதனப்பெட்டி இல்லாமலே நாட்கணக்கில் தாங்கும். அதையும் பழகிக்கொண்டால் விற்பனைக்கு நல்லது.

அம்மம்மாருக்குத் தெரியாத ஒன்றிரண்டு விடயங்களை வகுப்பில்தான் படிக்க வேண்டியிருக்கிறது. சூரை, கெளவல்லா, கும்பிளா போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். அதைச் சாப்பிட்டால் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலையிடியும் வாந்தியும் வரும். நன்றாக அவித்தாலும் பொரித்தாலும் அது அழியாது. "நல்லாய் வேக வைச்சால் சரி" என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. மீனை முதலிலிருந்தே குளிரில் வைத்திருப்பதுதான் ஒரே வழி. எங்கள் வெப்பத்தில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று கணக்கு வைக்க வேண்டும். பேத்தை மீனின் நஞ்சும் வெப்பத்தில் அழியாது. கலந்த சிறுமீன் வாங்குகிறவர்கள், அதிலும் உதவிக்கு ஏங்குகிற வறிய குடும்பங்கள், அதை இனங்காணப் பழகியே ஆக வேண்டும்.

கருவாடு போட விரும்பும் பெண்கள் தொடங்குவதற்குப் பெரிய முதல் தேவையில்லை. மண்ணில் பாய் விரித்துக் காயவைப்பதை விட்டு, இடுப்பளவு உயரத்தில் தட்டி கட்டி வலையால் மூடினால் மணலும் இலையானும் குறையும். பெரிய மீனைப் பிளந்து உப்பிடும்போது மூன்று கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு என்பது பொதுவான கணக்கு. இலையானுக்குப் பூச்சிமருந்து விசிறுகிற கெட்ட பழக்கத்தை யாராவது பழக்கினால் எழும்பி வந்துவிடுங்கள். விற்பனைக்குப் போகுமுன் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களே கூப்பிட்டுக் காட்டுவது நல்லது. அவர் தானாக வருகிற நாளைவிட நீங்கள் அழைத்த நாளில் அதிகம் சொல்லித்தருவார்.

புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கிற பிள்ளைகளுக்கு யூரியூப்பில் ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. ஆனால் வட்ஸ்அப் அழைப்பில் ஊர் அம்மா ஒருவர் "தீயைக் குறை, இப்ப பாலை விடு" என்று சொல்லச் சொல்லச் சமைப்பது வேறு அனுபவம். முல்லைத்தீவில் ஒரு அக்கா கனடாவில் இருக்கிற மூன்று பெண்களுக்கு ஞாயிறு தோறும் இப்படிப் பழக்குகிறா. தொடக்கத்தில் காசு வாங்கக் கூச்சப்பட்டவா. இப்போது ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்று நிர்ணயித்திருக்கிறா. அந்தக் காசில் மகளின் ரியூசன் போகிறது. இங்கே உறவினர் மூலம் இப்படியொருவரைத் தேடிக்கொள்ளுங்கள். தயவுசெய்து இலவசமாகக் கேட்க வேண்டாம். அவருடைய நேரமும் தொலைபேசி டேற்றாவும் காசுதான்.

கடற்கரையில் ஆள் தேடிப் போகிறவர்கள் விடிய நாலு மணிக்குப் போகாதீர்கள். அப்போது எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். படகு வந்து, மீன் கூறி விற்று, வலையை உதறி முடிக்கப் பத்து மணியாகும். அதற்குப் பிறகு வாடியின் நிழலில் வலை பொத்தியபடி இருப்பார்கள். அந்த நேரத்தில் போய்ப் பக்கத்தில் இருங்கள். வெள்ளிக்கிழமைகளில் சில கரைகளிலும் ஞாயிறுகளில் பல கரைகளிலும் தொழிலுக்குப் போகமாட்டார்கள், அன்றைக்குச் சங்கத்துக் கட்டடத்தில் ஆள் இருக்கும். அடையாள அட்டையின் பிரதியும் கிராம அலுவலரின் கடிதமும் கையில் இருந்தால் சங்கத்தில் அன்றைக்கே பெயரைப் பதியலாம்.